நெஞ்சை நிறுத்த துலாக்கோலும் மேடையேறிய யமனும்

மாண்டபின் மனிதனுக்கு நேர்வது யாது? இவ்வினாவுக்கு நைல் நதிக்கரை மாந்தர் கண்ட விடை ஒரு துலாக்கோல். இறந்தோனின் நெஞ்சை ஒரு தட்டிலும், வாய்மைத் தெய்வமாகிய மாத்தின் இறகை மறு தட்டிலும் இட்டு நிறுப்பர். அனுபிஸ் கோலை நோக்குவான், தோத் கணக்கெழுதுவான், ஒசிரிஸ் தலைமை தாங்குவான். நெஞ்சு கனத்ததாயின் முதலைத் தலையுடைய விலங்கொன்று அதனை விழுங்கிவிடும். பிணத்தைப் பதஞ்செய்வோர் மூளையை அகற்றி எறிந்தும் நெஞ்சை உள்ளேயே விட்டுவைத்தனர். அறிவும் நினைவும் அங்கே உறைவன என்பது அவர் கொள்கை. தமக்கெதிராகச் சான்று பகரவேண்டாமென அந்நெஞ்சையே இரக்கும் மந்திரத்தை வண்டுருவக் கல்லிற் பொறித்து மார்பில் வைத்தலும் உண்டு. நெஞ்சொடு கிளத்தல் தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளில் அஃது 125ஆம் அதிகாரம். எகிப்தியரின் மரித்தோர் நூலில் தீர்ப்பினைக் கூறும் பகுதியும் 125ஆவதே. இவ்வெண்ணொற்றுமை தற்செயலே, வள்ளுவர் அங்கே பேசுவது காதல். ஆயினும் மாணாக்கர் நினைவில் நிற்கும்.

இவ்வேடுகள் பொருளுடையோரின் கல்லறைக்கே உரியனவாயின. பொதுமக்கள் கண்டது அபிதோஸ் நகர விழாவையே. மூன்றாம் செனுஸ்ரெத் மன்னன் காலத்துப் பொருளாளன் இகெர்னொபிரெத், ஒசிரிஸின் படகைப் பகைவரிடமிருந்து காத்துநின்ற தன் பங்கினைக் கல்லிற் பொறித்துள்ளான். ஏறத்தாழ 3,850 ஆண்டுகட்கு முந்திய இச்சாசனத்தை உலகின் மிகப் பழைய நாடகச் சான்றுகளுள் ஒன்றெனக் கொள்வாருளர்.

தமிழகத்தில் மரணத்தையும் தீர்ப்பையும் எழுத்தறியாதார் கண்முன் நிறுத்தியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). யமன், சனீசுவரன் முதலிய வேடங்களை அவரே புனைந்தார். அவ்வேடங்களைக் கண்டு மக்கள் அஞ்சி இடருற்றமையால் அவற்றைத் துறந்து ஆசிரியரானார் என்பது வழிவழிச் செய்தி. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களைப் பயிற்றினார்; அவ்வை சண்முகம் அவருள் ஒருவர்.

அவருடைய சாவித்திரி நாடகத்தை எகிப்தியத் துலாக்கோலோடு ஒப்பிடுக. ஆங்கு இறந்தவன் தனக்காகத் தானே வாதிடுகின்றான். ஈங்கு உயிரோடிருப்பவள் பிறிதோர் உயிருக்காக வாதிடுகின்றாள். மாமனார்க்குக் கண்ணும் நாடும், தந்தைக்கு நூறு மைந்தர், பின் தனக்கும் மைந்தர் என வரம் பெற்றபின், கணவனின்றி மைந்தர் எங்ஙனமென வினவுகின்றாள். யமன் தன் சொல்லாலேயே கட்டுண்கின்றான். தீர்ப்பளிப்போனும் அறத்துக்கு உட்பட்டவனே என்னும் இக்கருத்து எகிப்திய ஏட்டில் யாம் காணாதது.

ஈழத்தில் இம்மரபை வளர்த்தவர் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). காங்கேசன்துறை வசந்த கான சபாவின் வாயிலாக அரிச்சந்திர மயான காண்டத்தை ஊர்தோறும் நடித்தார். சுடலையையே அரங்காக்கி வாய்மையைச் சோதித்த நாடகம் அது.

இந்நாளிற் பரிசளிப்பு விழாக்களில் இத்தகைய நாடகங்களை அரைமணி நேரத்துக்குள் அடக்குகின்றனர். வெட்டுண்பது பெரும்பாலும் வாதமே. எஞ்சுவது நகைச்சுவையும் பளபளக்கும் உடையுமாம். கொட்டாஞ்சேனை மாணவர் இனிச் சாவித்திரியை எடுப்பாராயின், காட்டுக் காட்சியைச் சுருக்குக. அரண்மனைக் காட்சியை நீக்கினும் குறையில்லை. யமனும் அப்பெண்ணும் எதிர்நின்று பேசும் பகுதியில் மட்டும் ஒரு வரியையும் தொடாதிருப்பாராக.