இரண்டு குத்தலுக்கு இடையில்

சீனி வருத்தக்காரருக்குக் கிளினிக்கில் பார்ப்பது பெரும்பாலும் வெறும் வயிற்றுச் சீனி, இடைக்கிடை எச்பிஏ1சி. முதலாவது ஒரு நிமிஷத்தின் கணக்கு, மற்றது ஏறக்குறைய மூன்று மாதத்தின் சராசரி. ஒரே நாளில் 60க்கு இறங்கி 280க்கு ஏறுபவருக்கும், 160ஐச் சுற்றியே நிற்பவருக்கும் அந்தச் சராசரி ஒன்றாகவே வரலாம்.

என்ட வாப்பாவும் "காலையில 110தானே, எனக்கென்ன" என்பார். போன நோன்பு தொடங்கிய அன்று அவருடைய மேல்கையில் சென்சர் ஒன்றை ஒட்டினோம். நாணயமளவுதான். அதன் நுண்ணிழை தோலுக்கடியில் நின்று, உயிரணுக்களுக்கு இடையிலுள்ள நீரில் குளுக்கோசை அளக்கிறது, இரத்தத்தில் அல்ல. ஆகவே விரல் குத்திப் பார்ப்பதைவிடச் சில நிமிஷம் பிந்தியே காட்டும். வியர்வை, நடுக்கம் என்று உடம்பு ஒன்றைச் சொல்ல, கருவி வேறொன்றைச் சொன்னால் விரலைத்தான் நம்ப வேண்டும். அந்தக் கையை அழுத்திப் படுத்தாலும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். முதல் இரவே அலாரம் அடித்து வீடே எழும்பியது அதனால்தான்!

நாலாம் நோன்பு. அஸருக்குப் பிறகு கோடு இறங்கிக்கொண்டே போனது. விரல் குத்தினோம்: 64. நோன்பு நோற்கும் நீரிழிவாளருக்கான சர்வதேச வழிகாட்டல், 70க்குக் குறைந்தாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை விடச் சொல்கிறது. "இன்னும் முக்கால் மணித்தியாலம்தானே மகன்" என்றார். சீனித்தண்ணியைக் கையில் கொடுத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. அடுத்த நாள் டொக்டர் கோட்டைப் பார்த்து, ஸஹருக்குப் போட்ட குளிசையைக் குறைத்தார்.

மற்றக் கதை நோன்பு திறந்த பிறகு. நாங்கள் இவ்வளவு காலமும் வட்டிலப்பத்தைத்தான் குற்றம் சாட்டினோம். கோடு காட்டியதோ கஞ்சியையும் சர்பத்தையும். குழையக் காய்ச்சிய அரிசி வேகமாகச் செரிக்கும். இரண்டு கோப்பை குடித்த நாளில் 270. சர்பத்தை நிறுத்தி, முட்டையும் மரக்கறியும் முதலில் தின்று, அரைக்கோப்பைக் கஞ்சியைப் பிறகு குடித்த நாளில் 190. அதே வாப்பா, அதே கஞ்சி.

எங்கட சென்சருக்கு ஆயுள் 14 நாள்தான். மாதாமாதம் வாங்க எங்களுக்குக் கட்டாது. இன்சுலின் போடுபவருக்கு அது எப்போதும் தேவைப்படலாம். வாப்பாவுக்கு அந்த ஒன்றே போதுமாயிருந்தது. இந்த வருஷம் அஸருக்குப் பிறகு அவரே விரலைக் குத்திப் பார்க்கிறார். அதனால் நோன்பு முறியாது என்று பள்ளி மௌலவியிடம் கேட்டுத் தெளிந்த பிறகுதான் அதற்கும் சம்மதித்தார்.