கேரவன் ட்ரிப் ரெடி... இன்ஷூரன்ஸ் ரெடியா?

கேரவன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது, ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏசி போட்டு ரெஸ்ட் எடுக்கிற வண்டிதான். ஆனா, இப்போ கதையே வேற பாஸ்! 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்குன்னே தனியா ஒரு திட்டம் கொண்டுவந்தது. படுக்கை, குட்டி கிச்சன், பாத்ரூம் எல்லாம் வண்டிக்குள்ளேயே! அதைப் பார்த்ததிலிருந்து நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடிகளிலும் கனவு பறக்குது. ‘பழைய வேன் ஒண்ணு வாங்குறோம், மெத்தையைப் போடுறோம், ஃபைனல் இயர் முடிஞ்சதும் நேரா லடாக்!’

ஸ்டவ், ஸ்பீக்கர், மேகி பாக்கெட் வரைக்கும் லிஸ்ட் போடுற கோஷ்டி, கண்டுக்காம விடுற ஒரே ஐட்டம் இன்ஷூரன்ஸ். ‘போலீஸ் கேட்டா காட்ட ஒரு பேப்பர் இருக்குல்ல, போதும்!’ என்பதுதான் பொதுவான பதில். அந்தப் பேப்பர் உங்க பக்கத்து சீட்ல தூங்கிட்டு வர்ற ஃப்ரெண்டுக்கு உதவுமா? அதுதான் மேட்டரே!

ஃப்ரெண்டு ‘தேர்டு பார்ட்டி’ இல்லை!

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி, கட்டாயம் எடுக்க வேண்டியது தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும்தான். அது இல்லாம ஓட்டி முதல் தடவை மாட்டினா 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில், சமயத்தில் ரெண்டுமே! உங்க வண்டி மோதி ரோட்டில் போறவர் காயப்பட்டாலோ இறந்தாலோ, கோர்ட் சொல்ற நஷ்டஈட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். அதுக்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்தவர் சொத்துக்குச் சேதம்னா காருக்கு 7.5 லட்சம் வரை.

ஆனா, உங்க வண்டி நொறுங்கினா? ஒரு பைசா வராது. உள்ளே ஓசியில் உட்கார்ந்து வர்ற ஃப்ரெண்டு? சாதாரண ‘ஆக்ட்’ பாலிசியில் அவருக்கும் கவர் இல்லை! டூவீலர் பின்சீட்டில் போனவருக்கு ஆக்ட் பாலிசி பொருந்தாதுன்னு 2006-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. காரில் போறவருக்கும் பாலிசி ‘ஆக்ட்’ வகையா, ‘பேக்கேஜ்’ வகையா என்பதுதான் முக்கியம்னு 2012-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அதனால, நாலு பேரை ஏத்திக்கிட்டு ஊர் சுத்தப் போறீங்கன்னா, காம்ப்ரிஹென்ஸிவ்னு எல்லாரும் சொல்ற பேக்கேஜ் பாலிசிதான் ஒரே வழி.

ஓனரே ஓட்டினா, அவருக்கு 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்து கவர் உண்டு. அது ஓனருக்கு மட்டும்தான். மத்தவங்களுக்கும் வேணும்னா, கூட கொஞ்சம் பிரீமியம் கட்டி சீட் கணக்கில் சேர்த்துக்கலாம்.

‘குட்டி யானை’யில் குடித்தனமா?

பட்ஜெட் இடிச்சதும் அடுத்த ஐடியா இதுதான். ‘சரக்கு வண்டி வாங்கி, பின்னாடி தார்ப்பாய் கட்டி, படுத்துக்கிட்டே போலாம் மச்சி!’ ஐயோ சாமி, வேண்டாம்! சரக்கு வண்டியில் ஓசிப் பயணம் போறவங்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பு இல்லை. விபத்துன்னா மொத்த நஷ்டஈடும் ஓனர் தலையில், அதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உங்க அப்பா தலையில் விழும்.

வண்டியை மாத்தினா, பேப்பரையும் மாத்தணும்

ஆர்.டி.ஓ. பதிவில் ‘மோட்டார் கேரவன்’, ‘கேம்பர் வேன்’னு தனி வகைகளே இருக்கு. ஆனா, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் கறாரா சொல்லிடுச்சு. அதனால கூரையை அறுத்து உயர்த்துற வேலைக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏறுங்க. அனுமதி வாங்கி, ஆர்.சி. புக்கில் ஏத்தி, பாலிசியிலும் எழுத வைங்க. உள்ளே வைக்கிற ஃப்ரிட்ஜ், டி.வி-க்கும் மதிப்புச் சொல்லித் தனி பிரீமியம் கட்டணும். சொல்லாத பொருளுக்கு க்ளெய்ம் இல்லை!

இன்னொண்ணு... ‘நாம போகாத நாட்களில் வாடகைக்கு விட்டு இ.எம்.ஐ. கட்டிடலாம்’னு கணக்குப் போடாதீங்க. சொந்த உபயோக பாலிசியில் வாடகைப் பயன்பாட்டுக்கு கவர் கிடையாது. நீங்களே வாடகைக்கு எடுக்கிறதா இருந்தா, கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கான்னு பாருங்க. நாமே ஓட்டுற வாடகை வண்டிக்கு அதுதான் அடையாளம்.

எவ்வளவுக்குப் போடுறது?

பாலிசியில் ஐ.டி.வி.ன்னு ஒரு நம்பர் இருக்கும். வண்டி திருடுபோனாலோ மொத்தமா அழிஞ்சாலோ கிடைக்கிற உச்சத்தொகை அதுதான். ஒரு வயசு தாண்டின வண்டிக்கு 20 சதவிகிதம், நாலு வயசு தாண்டினா 50 சதவிகிதம்னு தேய்மானம் கழிப்பாங்க. ‘பிரீமியம் குறையுது சார்’னு அந்த நம்பரை ரொம்பக் குறைச்சுக் காட்டினா உஷாராகிடுங்க.

ரிப்பேருக்கும் தேய்மானம் உண்டு. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் வரும். முழுசா வேணும்னா ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ சேர்க்கணும். வெள்ளத்தில் நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போச்சுன்னா, சாதாரண பாலிசி கைவிரிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னைக்காரங்க படிச்ச பாடம் இது. அதுக்குத்தான் ‘இன்ஜின் புரொட்டெக்ட்’. வண்டிக்குள் வெச்ச லேப்டாப், கேமராவுக்கும் தனி கவர் வேணும்.

சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடாதீங்க. அஞ்சு வருஷம் க்ளெய்ம் இல்லாம இருந்தா ‘நோ க்ளெய்ம் போனஸ்’ 50 சதவிகிதம் வரை ஏறும். ஒரே ஒரு க்ளெய்ம்... மொத்தமும் பூஜ்யம்!

சாவி திருப்பும் முன்...

* ஓட்டப்போற ஒவ்வொருத்தருக்கும் அந்த வண்டிக்கான லைசென்ஸ் இருக்கா?

* குடிச்சிட்டு ஓட்டினா, வண்டிச் சேதத்துக்கு க்ளெய்ம் கோவிந்தா!

* பூடான், நேபாளம்னு பார்டர் தாண்டினா, தனி பிரீமியம் கட்டி பாலிசியை நீட்டிக்கணும்.

* க்ளெய்மை நியாயமில்லாம தட்டிக்கழிச்சா, சென்னையிலேயே இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் ஆபீஸ் இருக்கு. புகார் கொடுக்க ஃபீஸ் கிடையாது.

வண்டிக்குள் எத்தனை மெத்தை போடுறதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, மெத்தையில் படுக்கப்போறவங்க பேருக்கு பாலிசியில் இடம் இருக்கான்னு பாருங்க. அப்புறம்... விண்டோ சீட்டுக்கு அடிச்சுக்கலாம்!