செல்போனில் ஓட்டு: தோற்றவர் நம்புவாரா?

மதுரையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கொட்டாம்பட்டி ஒன்றியம். இதுபோன்ற ஓர் ஒன்றியத்தில் பால் உற்பத்தியாளர் சங்கம், வியாபாரிகள் சங்கம், மகளிர் குழுக் கூட்டமைப்பு, முன்னாள் மாணவர் சங்கம் என நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அமைப்புகள் ஏராளம். உறுப்பினர்களில் பலர் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். செல்போனிலேயே ஓட்டெடுப்பை நடத்திவிடலாம் என்ற யோசனை வருவது இயல்பு. அதற்கான மென்பொருள்களுக்கும் இன்று பஞ்சமில்லை.

விலையையும் வசதியையும் பார்ப்பதற்கு முன் சங்கம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தோற்ற வேட்பாளர் முடிவை நம்புவதற்கு இந்த மென்பொருள் என்ன ஆதாரம் தரும்?

ஓட்டு ரகசியத்தின் அருமை கொட்டாம்பட்டியை உள்ளடக்கிய மேலூர் வட்டாரத்துக்குத் தெரியும். 1996 டிசம்பரில், தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவிக்கான தேர்தலில் வாக்குப்பெட்டிகள் பறித்துச் செல்லப்பட்டன. பிறகு போலீஸ் பாதுகாப்போடு நடந்த தேர்தலில் வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்களில் சிலரும் பலியானார்கள். மிரட்டல் உள்ள ஊரில், யாருக்குப் போட்டோம் என்பது வெளியே தெரியாமல் இருப்பது உயிர்ப் பிரச்சினை.

வாக்குச்சாவடியில் அட்டை மறைப்புக்குப் பின்னால் வாக்காளர் தனியாக நிற்கிறார். வீட்டில் செல்போனைக் கையில் எடுக்கும்போது அந்த மறைப்பு இல்லை. கணவரோ, மகனோ, கடன் கொடுத்தவரோ பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

2005 முதல் இணையத்தில் ஓட்டுப் போட்டுவரும் எஸ்தோனியா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கே இணைய ஓட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாகப் போட்டதுதான் செல்லும். வாக்குச்சாவடிக்கே வந்து சீட்டில் ஓட்டுப் போட்டால் இணைய ஓட்டு ரத்தாகிவிடும். வற்புறுத்தலுக்குப் பணிந்தவரும் பிறகு தன் விருப்பப்படி போட்டுக்கொள்ளலாம். போட்ட ஓட்டு சரியாகப் பதிவானதா என்று செல்போனில் சரிபார்க்கவும் முடியும். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட ஓட்டுகள் இணையத்தில்தான் விழுந்தன.

இந்தியாவில் 2013 கம்பெனிகள் சட்டத்தின்கீழ் பங்குதாரர்களுக்கு மின்னணு வாக்கெடுப்பு நடக்கிறது. அதற்குப் பங்கு வைப்பக நிறுவனங்களான என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். ஆகியவற்றின் தளங்கள் உள்ளன. குறைந்தது 3 நாள் அவகாசம் தர வேண்டும். பொதுக்கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு முடிக்க வேண்டும். பதிவான ஓட்டுகளைக் கம்பெனி ஊழியர் அல்லாத இரண்டு சாட்சிகள் முன்னிலையில்தான் வாக்கெடுப்புக்கென நியமிக்கப்படும் ஆய்வாளர் திறக்கலாம். இந்தச் சாட்சி முறையைச் சங்கங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பங்குதாரர் பெயரோடு அவர் ஆதரித்தாரா எதிர்த்தாரா என்பதும் ஆய்வாளரின் பதிவேட்டில் ஏறும். போட்ட ஓட்டை மாற்றவும் முடியாது. நிர்வாகிகள் தேர்தலுக்கு இவை இரண்டும் ஒத்துவராது.

செலவில்லாத வழி என்று வாட்ஸ்அப் வாக்கெடுப்பை நம்பினால், யார் எதற்குப் போட்டார்கள் என்பது குழுவுக்கே தெரிந்துவிடலாம். கூகுள் படிவத்தில் மின்னஞ்சல் முகவரியையும் வாங்கினால், படிவத்தை உருவாக்கியவர் ஒவ்வொருவரின் ஓட்டையும் பார்த்துவிடலாம்.

அடுத்தது உறுப்பினர் பட்டியல். கிராமத்துச் சங்கத்தின் பதிவேட்டில் செல்போன் எண் பத்தியை மேலிருந்து கீழே படித்தாலே சிக்கல் புரியும். அம்மா, மகன், மருமகள் மூவருக்கும் ஒரே எண் இருக்கும். சில எண்கள் எப்போதோ மாறிப்போயிருக்கும். ஓ.டி.பி. யார் கைக்குப் போகிறதோ, ஓட்டும் அவர் கைக்குப் போய்விடுகிறது. 2025 ஜூனில் பீகார் நகராட்சித் தேர்தல்களில் செயலி வழியாக ஓட்டுப் போட அனுமதித்தபோது, ஒரு செல்போன் எண்ணில் இரண்டு வாக்காளர்களுக்கு மேல் நுழைய முடியாது என்று வரம்பு வைத்தார்கள்.

கோளாறு வந்தால் என்ன செய்வது என்பதும் முன்பே முடிவாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2021 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தலன்று ‘ஐவோட்’ இணைய ஓட்டு அமைப்பு திணறியது. பலரால் ஓட்டுப் போட முடியவில்லை. மூன்று இடங்களில் நடந்த தேர்தலை 2022இல் நீதிமன்றம் செல்லாது என்றது. குறியாக்க ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கத்துக்கே 2025இல் சோதனை வந்தது. ‘ஹீலியோஸ்’ மென்பொருளில் நடத்திய அதன் தேர்தலில், முடிவைத் திறக்கப் பொறுப்பாளர்கள் மூவரின் ரகசியச் சாவிகளும் தேவைப்பட்டன. ஒருவர் தன் சாவியைத் தொலைத்துவிட்டார். அந்தத் துறையின் நிபுணர்களே மறுபடியும் தேர்தல் நடத்த வேண்டியதாயிற்று. அதன்பின் மூன்றில் இரண்டு சாவி இருந்தால் போதும் என்று விதியை மாற்றினார்கள்.

ஆகவே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னால் சங்கம் ஒரு மாதிரித் தேர்தலை நடத்திப் பார்க்க வேண்டும். எல்லா வேட்பாளர்களின் முகவர்களும் அதில் உட்கார வேண்டும். ஓட்டை மாற்ற வழி உண்டா, வெளியாள் ஒருவர் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடியுமா, தளம் முடங்கினால் கெடு எத்தனை மணி நேரம் நீளும் என்பதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். சங்க அலுவலகத்தில் ஒரு நாள் வாக்குப்பெட்டியும் வைக்க வேண்டும். அங்கே நேரில் வந்து சீட்டில் போடுபவரின் இணைய ஓட்டு ரத்தாகும் என்ற விதியும் தேர்தல் அறிவிப்பிலேயே இடம்பெற வேண்டும்.