பட்டிக்காவல் நாய்: குட்டியை முதல் மூன்று மாதங்களிற் பழக்கும் முறை

மடுப் பகுதியிலே காலபோக நெல்விதைப்புத் தொடங்கியதும் மாடுகளையும் ஆடுகளையும் வயலோரத்தினின்று அகற்றிக் காட்டோரப் பட்டிகளில் அடைப்பது வழக்கம். அறுவடை முடிந்தபின் அவை அரிதாள் மேய வயலுக்குத் திரும்புகின்றன. இவ்விரு காலங்களிலும் கமக்காரனுக்குத் துணையாக நிற்பது நாயாகும். நல்ல நாய் நரியைக் குட்டியாடுகளின் அருகே வரவிடாது. மிளகாய், கத்தரித் தோட்டத்துள் நுழையும் ஆட்டை வெளியேற்றும். இரவிலே யானை வருவதைக் குரைத்து அறிவிக்கும். தீய பழக்கமுள்ள நாயோ சினையாட்டைத் துரத்திக் கருவழியச் செய்யும்; அயலவனின் ஆட்டைக் கடித்துப் பகையை விளைக்கும்; வழியிற் செல்லும் குழந்தையைக் கடிக்கும். இவ்விரண்டும் ஒரே தாய் ஈன்ற குட்டிகளாகவும் இருக்கலாம். வேறுபாடு பெரும்பாலும் முதல் மூன்று மாத வளர்ப்பிலேயே உண்டாகின்றது.

சாதிக் குணம்

கால்நடையுடன் தொழில் செய்யும் நாய்கள் இரு வகையின. ஒன்று மந்தையைச் சாய்க்கும் நாய். மற்றது மந்தையைக் காக்கும் நாய். இவற்றின் குணம் ஒன்றல்ல.

மந்தை சாய்க்கும் நாய்களுட் பெயர் பெற்றது போடர் கொலி என்னும் சாதியாகும். இது இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப் பிரதேசத்திலே உருவாயிற்று. 1893 ஆம் ஆண்டு நோதம்பர்லாந்திற் பிறந்த ஹெம்ப் என்னும் நாயின் வழித்தோன்றல்களே இன்றுள்ள இச்சாதி நாய்களிற் பெரும்பாலானவை. இந்நாய் ஆட்டை உற்று நோக்கும், பதுங்கி நெருங்கும், வளைத்துத் துரத்தும். இவை யாவும் வேட்டை விலங்கின் செயல்களே. கடித்துக் கொல்லும் இறுதிச் செயல் மாத்திரம் தேர்ந்த இனவிருத்தியாலும் பயிற்சியாலும் அடக்கப்பட்டுள்ளது. ஆதலின் வேலையின்றிக் கட்டி வைக்கப்பட்டால் இது சிறுவரையும் சைக்கிளையும் கோழியையும் சாய்க்கப் புறப்படும். பத்துப் பதினைந்து ஆடுகள் மாத்திரம் உள்ள கமக்காரனுக்கு இதனால் நன்மையிலும் தொல்லையே மிகுதி. இதன் அடர்ந்த உரோமமும் மன்னார் வெப்பத்துக்கு ஏற்றதன்று.

தமிழ்நாட்டுச் சாதிகளாகிய இராசபாளையம், சிப்பிப்பாறை முதலியன வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் பேர் போனவை. ஓடுவதைத் துரத்துவது அவற்றின் இயல்பு. ஆகவே ஆட்டுப் பட்டிக்கு வைப்போர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

காவல் நாய்க்கு வேண்டிய குணம் வேறு. அது ஆட்டைத் துரத்தலாகாது. ஆட்டைத் தன் கூட்டமாகவே எண்ணுதல் வேண்டும். இதற்கு நமது நாட்டு நாயே போதும். அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் வாழும் நவஹோ மக்கள் கலப்புச்சாதி நாய்களையே ஆடுகளுடன் வளர்த்துக் காவலுக்கு வைத்துள்ளனர். 1833 ஆம் ஆண்டு உருகுவே நாட்டுக்குச் சென்ற இயற்கை விஞ்ஞானி சார்ள்ஸ் டார்வின், அங்குள்ளோர் மிக இளங்குட்டியை ஆட்டின் மடியிற் பாலூட்டி, பட்டிக்குள்ளேயே கம்பளியாற் படுக்கை அமைத்து வளர்த்ததை எழுதியுள்ளார். அவ்வாறு வளர்ந்த நாய் ஆட்டு மந்தையை விட்டு அகல விரும்பாது. சாதியிலும் வளர்ப்பே இக்காவலுக்கு முதன்மையானது என்பதற்கு இவை சான்றாகும்.

மூன்றாம் வாரம் முதற் பன்னிரண்டாம் வாரம் வரை

குட்டியின் கண் ஏறத்தாழ இரண்டாம் வாரத்திலும் செவி மூன்றாம் வார அளவிலும் திறக்கின்றன. அதன்பின் பன்னிரண்டாம் வாரம் வரையும் அது காண்பவற்றைத் தன் உலகமாக ஏற்றுக்கொள்கின்றது. அப்பருவம் கடந்தபின் புதியனவெல்லாம் அதற்கு அச்சந் தருவனவாகின்றன.

1961 ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கிற்று. உயர்ந்த வேலியுள்ள வெளியிலே மனிதரோடு பழகவிடாது குட்டிகள் வளர்க்கப்பட்டன. வெவ்வேறு வயதில் ஒவ்வொரு தொகுதி ஒரு வாரம் மாத்திரம் மனிதருடன் பழக விடப்பட்டது. பதினான்காம் வாரம் வரை மனிதருடன் பழகாத குட்டிகள் பின்னர் காட்டு விலங்குகளைப்போல் அஞ்சி ஒதுங்கின. மனிதருக்கு நேரும் இது ஆட்டுக்கும் மாட்டுக்கும் பொருந்தும். மூன்று மாதம் வரை மூலையிற் கட்டி வைத்துவிட்டு, பின்னர் பட்டிக்குக் கொண்டு செல்லும் குட்டி, ஆட்டைக் கூட்டாளியாகவன்று, அச்சந்தரும் பொருளாகவோ துரத்தும் பொருளாகவோ காணும்.

செய்ய வேண்டியவை

1. சினையான பெட்டை நாய்க்குப் பட்டியின் அருகே நிழலுள்ள இடம் அமைக்குக. குட்டிகள் ஆட்டின் மணத்தையும் குரலையும் தொடக்கத்திலேயே அறியும். எட்டு வாரம் நிரம்புமுன் குட்டியைத் தாயினின்று பிரித்தலாகாது. உடன்பிறந்தவற்றோடு விளையாடும்போதே கடியை அளவோடு நிறுத்தப் பழகுகின்றது.

2. மூன்றாம் வாரம் முதல் நாள்தோறும் சில நிமிடம் குட்டியைக் கையிலெடுத்துத் தடவுக. ஆண், பெண், முதியோர், சிறுவர் ஆகிய யாவரும் இதனைச் செய்தல் நன்று. சிறுவர் பெரியோர் முன்னிலையிலேயே செய்தல் வேண்டும்.

3. ஐந்தாம் வாரம் முதற் சாந்தமான தாயாடு ஒன்றுடன் தினமும் சிறிது நேரம் விடுக. முட்டும் ஆட்டுடன் விடலாகாது. ஒருமுறை கொண்ட அச்சம் நெடுநாள் நிலைக்கும். உணவைப் பட்டியின் அருகிலேயே வைக்குக.

4. உழவு இயந்திரம், சைக்கிள், குடை, மண்வெட்டி, பறவை விரட்டும் தகர ஒலி முதலியவற்றைத் தூரத்திலிருந்து காட்டி, குட்டி அஞ்சாதபோது சிறிது சிறிதாக அண்மிக்குக. ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு மடுவுக்குப் பெருந்தொகையான யாத்திரிகர் வருவர். வழியோரக் குடிகளின் நாய்கள் அந்நியரைக் கண்டு பழகியிருத்தல் இன்றியமையாதது.

5. தடுப்பூசிகள் முற்றுப்பெறுமுன் தெருநாய்கள் திரியும் இடத்திற் குட்டியை நிலத்தில் விடாது கையிலே ஏந்திச் செல்க. நோய்க்கு அஞ்சி வீட்டிலேயே அடைத்து வைத்தால் பழகும் பருவம் வீணாகும்.

கூடுமாயின் இப்பருவம் பங்குனி, சித்திரை மாதங்களில் அமையுமாறு குட்டியைத் தேர்க. காலபோக அறுவடை முடிந்து பட்டிகள் வயலிலே நிற்கும் காலமாதலின், மந்தையும் மனிதரும் ஓரிடத்தில் இருப்பர்.

துள்ளும் வயது

நான்கு மாதம் முதல் ஏறக்குறைய ஒரு வயது வரை நன்கு வளர்ந்த குட்டியும் விளையாட்டாக ஆட்டைத் துரத்தும்; காதைக் கவ்வும். பலர் இவ்வேளையில் நாய் கெட்டுவிட்டதென அடித்துத் துரத்துகின்றனர். இது தவறு. துரத்தத் தொடங்கிய கணமே உரத்த குரலில் தடுத்து, அப்பாற் கொண்டு சென்று கட்டி வைக்குக. அமைதியடைந்தபின், முட்டித் திருத்தவல்ல பெரிய ஆடுகளுடன் மீண்டும் விடுக. இளங்குட்டியாடுகளுடன் தனியே விடலாகாது. இறந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் நாய் தின்ன விடாது புதைக்குக. காட்டினுள் வேட்டைக்கு அழைத்துச் செல்வதும் ஆகாது. மடு வீதிக் காடு 2015 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்கு மானைத் துரத்தப் பழகிய நாய் நாளை ஆட்டையும் துரத்தும்.

விசர்நோய்

எவ்வளவு சாந்தமான நாயாயினும் விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றாது வைத்திருத்தல் குடும்பத்துக்கும் ஊருக்கும் ஆபத்தாகும். முதல் ஊசிக்குரிய வயதைக் கால்நடை வைத்தியரிடம் அறிந்து, பின்னர் ஆண்டுதோறும் தவறாது ஏற்றுவிக்குக. குட்டிகளுக்குப் பூச்சிமருந்தும் அவர் கூறும் முறைப்படி கொடுத்தல் வேண்டும். நாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆசுப்பத்திரிக்குச் செல்க. சாம்பல், எண்ணெய், பச்சிலை முதலியவற்றைப் பூசிக் காலந்தாழ்த்தலாகாது. நோய்க்குறி தோன்றியபின் பிழைப்போர் மிக மிக அரியர்.

ஒரு நாய் பத்தாண்டு வரை பட்டியைக் காக்கும். அதற்காக நாம் செலவிட வேண்டியது நாளொன்றுக்குச் சில நிமிடங்களாகப் பத்து வாரமே. அவ்வாரங்கள் கழிந்தபின் அவற்றை மீளப் பெறல் அரிது. குட்டி கையிலிருக்கும்போதே தொடங்குக.

மேலதிக விபரங்களை அண்மையிலுள்ள கால்நடை வைத்திய அலுவலகத்திலும் விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்டறிக.