முன்னால் போன விமானம் விட்டுச் சென்ற காற்று



விமான விபத்து என்றதும் இன்ஜின் கோளாறு, மூடுபனி, புயல் மழை என்றுதான் நமக்குத் தோன்றும். கண்ணுக்கே தெரியாத இன்னொரு எதிரி இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கிறது. முன்னால் வந்த பெரிய விமானம் இறங்கிப் போய்விட்டது. ஓடுதளம் காலி. பின்னால் வரும் சின்ன விமானம் தரையைத் தொடப் போகிற நேரத்தில் திடீரென்று ஒரு பக்கமாகப் புரள்கிறது! என்ன காரணம்? நான் படித்துப் புரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

பஞ்சு சொல்லும் பாடம்

நம்ம ராஜபாளையத்துக்காரங்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேம் மேலே ஓடும் புளோயர் கடந்து போன பிறகும், பஞ்சுத் தூசி கொஞ்ச நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் சைக்கிளில் போகும்போது லாரி ஒட்டிக் கடந்தால், லாரி போன பிறகும் சைக்கிள் ஆடும். வண்டி போயிடுச்சு, அது கிளப்பிய காற்று இன்னும் போகலை. வானத்தில் பஞ்சு கிடையாது, அதனால் சுழல் தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

காற்று இரண்டு வகை

முதல் வகை, புரொப்பெல்லர் பின்னோக்கித் தள்ளும் காற்று. டேபிள் ஃபேன் மாதிரி. இன்ஜினை அணைத்தால் இதுவும் அடங்கிவிடும். ஆனால் ஓடுதளத்துக்கு வாலைக் காட்டி நின்றபடி ஒரு விமானம் இன்ஜினை முழு வேகத்தில் சோதித்தால், அந்த நேரத்தில் இறங்கும் சின்ன விமானத்தை அந்தக் காற்று பக்கவாட்டில் தள்ளும்.

இரண்டாம் வகைதான் பெரிய ஆபத்து. இறக்கையின் அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால் இறக்கை நுனியில் காற்று கீழிருந்து மேலே வழிந்து சுருள்கிறது. இரண்டு நுனியிலிருந்தும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சுழல்கள் விமானத்துக்குப் பின்னால் நீள்கின்றன. ஆரம்ப காலத்தில் விமானிகள் இதையும் புரொப்பெல்லர் காற்று என்றே நினைத்தார்கள். உண்மையில் இதை உண்டாக்குவது இறக்கை. எடை கூடினால், வேகம் குறைந்தால், சுழலின் பலம் கூடும். இறங்க வரும் பெரிய விமானம் மெதுவாகத்தானே வரும்!

இந்தச் சுழல்கள் நிமிடத்துக்குச் சுமார் 300 முதல் 500 அடி வரை கீழே இறங்கும். தரைக்கு அருகில் வந்ததும் பக்கவாட்டில் நகரும். பலத்த காற்று அடித்தால் சீக்கிரம் கலைந்துவிடும். லேசான பக்கக் காற்றுதான் மோசம். ஒரு சுழல் நகர முடியாமல் ஓடுதளத்தின் மேலேயே நின்றுவிடும்.

நடந்த சம்பவங்கள்

1972 மே 30 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், பயிற்சியில் இருந்த டிசி-9 விமானம் ஒரு டிசி-10 விமானத்துக்குப் பின்னால் இறங்க வந்தது. சுழலில் சிக்கிக் கவிழ்ந்து, அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். டிசி-9 சின்ன விமானமே அல்ல, ஜெட் விமானம். அதுக்கே இந்தக் கதி!

2017 ஜனவரி 7 அன்று அரபிக் கடலுக்கு மேலே, சேலஞ்சர் 604 என்ற சிறு ஜெட்டுக்கு ஆயிரம் அடி மேலே ஏ380 என்ற ராட்சத விமானம் எதிர்த்திசையில் கடந்து போனது. சிறிது நேரத்தில் சேலஞ்சர் பலமுறை உருண்டு, ஏறக்குறைய 9,000 அடி கீழே விழுந்த பிறகே விமானிகளின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. காயம்பட்டவர்களோடு மஸ்கட்டில் இறங்கியது. அவர்களைக் காப்பாற்றியது உயரம்தான்.

இறங்கும் விமானத்துக்கு அந்த உயரம் ஏது? ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் 192 அடி என்பார்கள். செஸ்னா போன்ற பயிற்சி விமானம் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில், வழக்கமான 3 டிகிரி சரிவில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கோபுர உயரத்துக்கு வந்த பிறகு தரையைத் தொட 33 வினாடிதான் மிச்சம். அங்கே புரண்டால் நிமிர்த்த இடமில்லை. சுழலின் வேகத்தை எதிர்த்து நிமிர்த்த, சின்ன இறக்கைக்குப் பலமும் போதாது.

எவ்வளவு இடைவெளி?

சர்வதேச விதிப்படி 7 டன் வரை உள்ளவை லேசான விமானங்கள். அதற்கு மேல், 136 டன்னுக்குள் இருப்பவை நடுத்தரம். 136 டன்னிலிருந்து கனரகம். ஏ380-க்குத் தனி வகை. கனரக விமானத்துக்குப் பின்னால் லேசான விமானம் இறங்க 6 கடல் மைல் இடைவெளி வேண்டும். அதாவது சுமார் 11 கிலோமீட்டர். நம்ம ஊர்க் கணக்கில், முன்னால் போவது ஸ்ரீவில்லிபுத்தூர் மேலே இருந்தால் பின்னால் வருவது ராஜபாளையத்தில் இருக்கணும்! நடுத்தர விமானத்துக்குப் பின்னால் என்றால் 5 கடல் மைல். நேரக் கணக்கில் இரண்டுக்குமே 3 நிமிடம்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிக்காகத் தேர்ந்தெடுத்த இடங்களில் சேலமும் ஒன்று. அங்கே 2023 அக்டோபரில் ஏடிஆர் 72 பயணிகள் சேவையும் மறுபடி தொடங்கியது. இருப்பதோ ஒரே ஓடுதளம். ஏடிஆர் 72 புரொப்பெல்லர் விமானம்தான். ஆனால் அதிகபட்ச எடை சுமார் 23 டன், அதனால் நடுத்தர வகை. செஸ்னா 172-இன் எடையோ 1.1 டன். இருபது மடங்கு வித்தியாசம்!

தப்பிக்கும் வழி

முன்னால் போன விமானத்தின் பாதைக்கு மேலேயே இருக்கணும். அது தரையைத் தொட்ட இடத்தைத் தாண்டி இறங்கணும். தரையைத் தொட்டதும் இறக்கையின் தூக்குவிசை போய்விடும், அதன் பிறகு புதிய சுழல் உண்டாகாது. முன்னது மேலே கிளம்பிய விமானமாக இருந்தால், அது எழும்பிய இடத்துக்கு முன்பே இறங்கணும். சந்தேகம் வந்தால் இறங்காமல் மறுபடி மேலே ஏறி ஒரு சுற்று சுற்றி வரணும்.

நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 18 வயது போதும். அது என் வயது. பயிற்சியில் தனியாகப் பறக்கிறவர்களில் நம் வயதுக்காரர்களும் இருப்பார்கள். "எனக்கு இன்னும் கொஞ்சம் இடைவெளி வேண்டும்" என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கேட்க அவர்கள் கூச்சப்படக் கூடாது. அந்த மூன்று நிமிடம் வீண் நேரமல்ல, அதுதான் உயிர்.

டிப்ளமோ முடித்து நம்மில் யாராவது விமானப் பராமரிப்பு வேலைக்குப் போகலாம். அப்போது இன்ஜினைச் சோதிக்கும் முன், வாலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, யார் இறங்குகிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள் நண்பர்களே!