ஐந்து மணி நேரத்தில் ரோட்ஸ்

“அஞ்சு மணி நேரத்துல ஒரு தீவைப் பார்த்துட முடியுமாங்க?”

கிரேக்கத்துக்குப் போகிறேன் என்று நிகழ்ச்சியில் வாய்விட்டதும் கிள்ளானிலிருந்து அழைத்த நேயர் ஒருவர் கேட்டது இது. முடியாது. ரோட்ஸ் தீவின் பரப்பளவு ஏறக்குறைய 1,400 சதுர கிலோமீட்டர். நம் பினாங்குத் தீவைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் சொகுசுக் கப்பலில் போகிறவர்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். காலையில் இறங்கி, சாயங்காலத்துக்குள் ஏறிவிட வேண்டும்.

கப்பலிலேயே பேருந்துச் சுற்றுலா இருந்தது. நாற்பது பேர், முன்னால் கொடி பிடித்துக்கொண்டு ஒரு வழிகாட்டி. என் அம்மாவுக்கு வயது 68. வலது முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கொடிக்குப் பின்னால் ஓடுவது அவரால் ஆகாது. அதனால் அம்மா, அண்ணன், அண்ணி, நான் என்று நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு காரும் ஓட்டுநரும் ஏற்பாடு செய்தோம். செலவை நான்காகப் பிரித்தபோது பேருந்துக் கட்டணத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக வந்தது. குடும்பமாகப் போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

பதிவு செய்யும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ‘தனிச் சுற்றுலா’ என்று விற்கப்படுபவற்றில் பல, கார் மற்றும் ஓட்டுநர் மட்டுமே. கிரேக்கத்தில் தொல்லியல் தலங்களுக்குள் விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற வழிகாட்டிக்குத்தான் அனுமதி. ஓட்டுநர் காரில் வாய் ஓயாமல் கதை சொல்வார், வாசலில் விட்டுவிட்டு நின்றுவிடுவார். நுழைவுச்சீட்டும் பெரும்பாலும் நம் பொறுப்புதான்.

எங்கள் ஓட்டுநர் ரோட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் அச்சடித்துக் கொண்டுபோன பட்டியலை வாங்கிப் பார்த்தார். ஒன்பது இடங்கள். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு மூன்று விரல்களைக் காட்டினார். வெயில் ஏறுவதற்கு முன் லிண்டோஸ், அப்புறம் பழைய நகரம். மூன்றாவதை அம்மா சொல்லட்டும் என்றார். “கிரியா, நீங்கள் என்ன பார்க்க ஆசைப்படுகிறீர்கள்?” ‘கிரியா’ என்றால் அம்மணி என்பது போன்ற மரியாதைச் சொல்.

அம்மா யோசிக்கவே இல்லை. “அந்தப் பெரிய சிலை.”

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் உலக அதிசயங்கள் ஏழையும் மனப்பாடம் செய்த தலைமுறை அது. ஓட்டுநர் சிரித்தார். “அதைத்தான் நாங்களும் இரண்டாயிரம் வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.”

ஆனாலும் காரை மந்த்ராக்கி துறைமுகத்தின் ஓரம் நிறுத்தினார். மூன்று காற்றாலைகள், ஒரு கோட்டை, துறைமுக வாயிலின் இருபக்கமும் தூண்மேல் நிற்கும் இரண்டு மான் சிலைகள். சூரியக் கடவுள் ஹீலியோஸின் வெண்கலச் சிலை இங்கேதான் இரண்டு கால்களையும் அகட்டி நின்றது, கப்பல்கள் அடியில் போய் வந்தன என்று படம் போட்ட தட்டுகளும் காந்த வில்லைகளும் கடைக்குக் கடை தொங்குகின்றன. அது பிற்காலத்தார் கட்டிய கதை. அப்படி ஒரு சிலை நின்றிருக்கவே முடியாது என்கிறார்கள் அறிஞர்கள். உண்மையில் நின்ற இடம் எது என்பதிலும் அவர்களுக்குள் ஒப்புதல் இல்லை.

சிலை பிறந்த கதை எனக்குப் பிடித்தது. கி.மு. 305இல் டெமட்ரியஸ் என்ற படைத்தலைவன் ரோட்ஸ் நகரை முற்றுகையிட்டான். ஒரு வருடம் முட்டி மோதியும் நகரம் விழவில்லை. கோட்டை உடைக்கும் பெரும் பொறிகளை அப்படியே போட்டுவிட்டுப் போனான். ஊர்க்காரர்கள் அவற்றை விற்ற காசில் தங்கள் காவல் தெய்வத்துக்குச் சிலை எழுப்பினார்கள். லிண்டோஸைச் சேர்ந்த கேரிஸ் என்ற சிற்பி பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து, கி.மு. 280 வாக்கில் முடித்தார். உயரம் சுமார் 33 மீட்டர்.

“நம்ம பத்துமலை முருகன் எவ்வளவு?” என்று அம்மா கேட்டார். 42.7 மீட்டர். அம்மாவுக்குத் திருப்தி.

கி.மு. 226இல் ஒரு நிலநடுக்கம். சிலை முழங்காலில் முறிந்து சாய்ந்தது. “ஐயோ, முட்டியா?” என்று தன் காலைத் தடவிக்கொண்டார் அம்மா. மறுபடி நிறுத்தாதீர்கள் என்று குறி சொன்னதால் கிடந்தபடியே விட்டுவிட்டார்கள். விழுந்து கிடந்த சிலையைப் பார்க்கவும் பல நூற்றாண்டுகள் கூட்டம் வந்திருக்கிறது. அதன் கட்டைவிரலைக் கட்டிப்பிடிக்கக் கைகள் எட்டியவர்கள் சிலரே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் பழைய உலோகமாக விற்றுவிட்டார்களாம். அம்மா தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருந்திருக்கும்” என்றார். பத்து நிமிடத்தில் மூன்றாவது இடம் முடிந்தது. படம் இல்லாமல் வார்த்தையால் மட்டும் ஒன்றைக் காட்டுவது என் பிழைப்பு என்பதால் எனக்கு அது குறையாகவே படவில்லை.

லிண்டோஸ் அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் ஒலிவ மரங்களும் காய்ந்த மலைகளும். 2023 ஜூலையில் இந்தத் தீவின் நடுவிலும் தெற்கிலும் காட்டுத்தீ பரவியபோது சுமார் 19,000 பேரை வெளியேற்றினார்கள். கிரேக்கம் அதுவரை கண்ட மிகப் பெரிய வெளியேற்றம் அது. எங்கள் ஓட்டுநரும் இரண்டு இரவு தூங்காமல் ஆட்களை ஏற்றி இறக்கியிருக்கிறார். “அன்றைக்கு யாரிடமும் மீட்டர் கேட்கவில்லை” என்றார். அதற்குமேல் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வளைவு ஒன்றில் திரும்பியதும் லிண்டோஸ் தெரிந்தது. கீழே வெள்ளை வீடுகள், அதற்கு மேல் 116 மீட்டர் உயரப் பாறை, பாறையின் தலையில் கோட்டை மதில், மதிலுக்குள் அத்தேனா தேவியின் கோயில் தூண்கள். ஊருக்குள் கார் போகாது. கோவேறு கழுதைகளைவிட மெலிந்த கழுதைகள் வரிசையாக நின்றன. கோட்டை வாசல் வரை ஏற்றிவிடுவார்களாம். அண்ணி ஆசையாகத் திரும்பிப் பார்த்தார். அம்மா, “அதுக்கும் முட்டி வலிக்கும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு நடந்தார். எனக்கும் கழுதைச் சவாரியில் உடன்பாடில்லை. அந்த வெயிலில், அந்த வழவழத்த கல்லில், ஒரு பிராணியின் மேல் உட்கார்ந்து ஏற வேண்டியதில்லை.

மெதுவாக ஏறினோம். பத்துப் படிக்கு ஒரு நிறுத்தம். பின்னால் வந்த பேருந்துக் கூட்டங்கள் இரண்டு எங்களைத் தாண்டிப் போயின. சீட்டு வாங்கி உள்ளே நுழைந்து கொஞ்சம் ஏறியதும், செங்குத்தான பெரிய படிக்கட்டின் அடியில் பாறையோடு பாறையாக ஒரு கப்பலின் பின்பகுதி செதுக்கப்பட்டிருந்தது. கி.மு. 180 வாக்கில் பித்தோக்ரிட்டோஸ் என்ற சிற்பி செய்தது. சுக்கான் துடுப்பு, பலகைகளின் விளிம்பு, கப்பலோட்டியின் இருக்கை வரை தெரிகிறது. அதன் மேல்தளம்தான் ஒரு தலைவனின் சிலைக்குப் பீடமாக இருந்ததாம். சிலை இல்லை, கப்பல் இருக்கிறது. அம்மா மேலே செல்லும் படிகளை அண்ணாந்து பார்த்தார். “நீங்க போய்ட்டு வாங்க. நான் இந்தக் கப்பல்கிட்ட உக்காந்திருக்கேன்.”

நாங்கள் மூவரும் ஏறினோம். உச்சியில் நீண்ட தூண் மண்டபத்தின் மிச்சம், கோயில், நான்கு பக்கமும் காற்று. தெற்கே எட்டிப் பார்த்தால் ஏறத்தாழ மூடிய வட்டமாக ஒரு சிறிய குடா. திருத்தூதர் பவுல் கப்பலில் வந்து இறங்கிய இடம் என்பது மரபு. காட்சி அபாரம். ஆனால் படம் எடுக்க வரிசை நின்றதில் பாதி நேரம் போனது. இறங்கி வந்தபோது அம்மா, சுக்கானுக்கு எத்தனை ஆணிப் புடைப்பு என்று எண்ணி முடித்திருந்தார்.

பழைய நகரத்துக்குத் திரும்பியபோது கையில் மிச்சம் இருந்தது ஒன்றரை மணி நேரம். மதில் சூழ்ந்த இந்த ஊரை 1988இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்தது. 1309 முதல் புனித யோவான் சபை வீரத்துறவிகள் ஆண்டார்கள்; 1522இல் சுல்தான் சுலைமான் பிடித்தார்; 1912இல் இத்தாலி வந்தது; 1947இல்தான் கிரேக்கத்தோடு சேர்ந்தது. வீரர்கள் தெருவில் இன்றும் மொழிவாரியாக அவர்கள் தங்கிய கல்மனைகள் வரிசையாக நிற்கின்றன. தெருவின் உச்சியில் பெருந்தலைவர் அரண்மனை. கம்பீரம்தான். ஆனால் பழைய அரண்மனை 1856இல் வெடிமருந்து விபத்தில் சிதைந்துபோனது. நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 1937க்கும் 1940க்கும் இடையில் இத்தாலியர் கட்டியது. அண்ணனுக்கு உள்ளே போயே ஆக வேண்டும். அம்மாவுக்கு இன்னொரு படிக்கட்டு ஆகாது. பிரிந்தோம். பேருந்துச் சுற்றுலாவில் இது நடக்காது.

அம்மாவும் நானும் கடைத்தெரு வழியாகக் கீழே இறங்கினோம். வெண்கலக் கடல்குதிரைகள் கொண்ட நீரூற்று உள்ள சதுக்கம் ஒன்று வந்தது. சுற்றிலும் உணவகங்கள், ஐஸ்கிரீம் கடைகள். மர நிழலில் இருக்கையைப் பார்த்ததும் அம்மா உட்கார்ந்தார். எதிரே ஆறு பக்கங்கள் கொண்ட கறுப்புக் கல் தூண். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மொழி.

“என்ன போட்டிருக்கு?”

ஆங்கிலப் பக்கத்தைப் படித்துச் சொன்னேன். நாஜி கொலை முகாம்களில் கொல்லப்பட்ட, ரோட்ஸ், கோஸ் தீவுகளின் யூதர்கள் 1,604 பேரின் நினைவாக. 1944 ஜூலை 23. அந்த நாளில் இந்தத் தெருக்களில் வாழ்ந்த குடும்பங்களைச் சரக்குப் படகுகளில் ஏற்றி ஏதென்ஸ் அருகே கொண்டுபோய், அங்கிருந்து ரயிலில் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். உயிரோடு மீண்டவர்கள் ஏறத்தாழ 150 பேர். துருக்கியின் தூதரக அதிகாரி செலாஹத்தின் உல்குமென், துருக்கியக் குடியுரிமையைக் காட்டி வாதாடி நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றினார். தூணின் ஆறு மொழிகளில் ஒன்று லதினோ. ஸ்பெயினிலிருந்து 1492இல் விரட்டப்பட்டவர்கள் கூடவே கொண்டுவந்த பழைய ஸ்பானிய மொழி. இந்தச் சதுக்கத்தில் அதைப் பேசிக்கொண்டிருந்தவர்கள்தான் அந்த 1,604 பேர்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அப்பாவோட அண்ணன் சயாமுக்குப் போனாரு தெரியும்ல” என்றார்.

தெரியும், ஒரு வரியாக. பேராக்கில் ஒரு தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப்போனான், வரவில்லை. அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அன்றைக்கு அம்மா பேசினார். பெரியப்பாவின் பெயர் சொன்னார். கல்யாணம் பேசி வைத்திருந்தார்களாம். லாரி வந்த அன்று பால் மரம் சீவிவிட்டு வந்தவர் கைகூடக் கழுவவில்லையாம். இதெல்லாம் தாத்தா அம்மாவிடம் சொன்னது. சயாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து போன பல்லாயிரம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானோருக்குக் கல்லறை இல்லை.

“கஞ்சனாபுரி போயிருந்தப்ப வெள்ளைக்கார சிப்பாய்ங்களுக்கு வரிசையா கல்லு பார்த்தேன். ஒவ்வொண்ணுலயும் பேரு. நம்மாளு பேரு ஒண்ணு கூட கண்ணுல படல.”

அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. அரண்மனையின் தரைச்சித்திரங்களைப் பார்க்க வரச்சொன்னார். வரவில்லை என்றேன். பக்கத்துச் சந்தில் கஹால் ஷாலோம் தொழுகைக்கூடம் இருக்கிறது. 1577இல் கட்டியது, கிரேக்கத்தில் இன்றும் புழக்கத்தில் உள்ளவற்றில் மிகப் பழையது. சனிக்கிழமை மூடியிருக்கும், கவனம். தரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமான கூழாங்கற்களால் கோலம் போட்டதுபோல் இழைத்திருக்கிறார்கள். அம்மா செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று சொன்னார்கள். இறந்தவர்களின் குடும்பப் பெயர்கள் பொறித்த பலகை ஒன்று இருந்தது. பக்கத்து அறைகளில் சிறு அருங்காட்சியகம்: கல்யாணப் படங்கள், பள்ளிக்கூடப் படங்கள். அம்மா ஒவ்வொரு முகத்தின் முன்னாலும் நின்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் தொலைபேசியின் குறிப்பில், அம்மா சொன்ன பெரியப்பாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தட்டி வைத்துக்கொண்டேன்.

மதில் வாசலுக்கு வரும் வழியில் பசித்தது. ரோட்ஸின் ‘பிதருதியா’ என்பது கொண்டைக்கடலையை அரைத்து, வெங்காயம், தக்காளி, புதினா போட்டுப் பொரித்த உருண்டை. சைவம் சாப்பிடுகிறவர்கள் தயங்காமல் கேட்கலாம். மசால் வடைக்குத் தூரத்துச் சொந்தம், காரம் மட்டும் இல்லை. ‘மெலெகூனி’ எள்ளும் தேனும் சேர்த்த இனிப்பு. இங்கே கல்யாணத்தில் கொடுப்பார்கள். ஒரு துண்டு வாயில் போட்ட அம்மா, “எள்ளுருண்டைதான். வெல்லத்துக்குப் பதிலா தேன்” என்று தீர்ப்புச் சொல்லி, மூன்று பொட்டலம் வாங்கினார். கடைக்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசி, நான்காவதைப் பாதி விலைக்குப் பெற்றார்.

ஓட்டுநர் வாசலில் நின்றிருந்தார். கப்பலுக்கு இருபது நிமிடம் இருந்தது. மூன்றில் எது பிடித்தது என்று அம்மாவிடம் கேட்டார். “கப்பல்” என்றார் அம்மா. துறைமுகத்தில் நிற்கும் எங்கள் கப்பலைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அவர் அந்தப் பக்கம் கைகாட்ட, அம்மா தலையை ஆட்டி, காற்றில் ஒரு சுக்கானை வரைந்து காட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது. அம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்து முதல் துண்டை அவரிடம் நீட்டினார்.