நல்ல ரோட்டில் எதற்கு வேலை?

மழை விட்ட மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு தார் ரோட்டைக் குனிந்து பாருங்கள். வெயில் ஏறி ரோடு காய்ந்து வெளுத்திருக்கும். ஆங்காங்கே மட்டும் கறுப்பாக, நூல் பிடித்தாற்போல ஈரக்கோடுகள் தங்கியிருக்கும். மற்ற நாட்களில் கண்ணில் படாத விரிசல்கள் அவை. மேலே விழுந்த தண்ணீர் காய்ந்துவிட்டது. உள்ளே இறங்கிய தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கோட்டின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் குழம்பு போலக் கசிந்து காய்ந்த தடம் இருந்தால் விஷயம் முற்றிவிட்டது. வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் அடியில் உள்ள பொடி மண் தண்ணீரோடு பிதுங்கி மேலே வருகிறது.

எங்கள் தெருமுனை டீக்கடை வாசலில் அப்படி ஒரு கோடு இருந்தது. கிளாஸ் கழுவிய தண்ணீரைக் கடைக்காரர் பக்கெட்டோடு அதன் மேல்தான் வீசுவார். முதல் வருஷம் அது வெறும் கோடு. அடுத்த வருஷம் கிளை விட்டு வலையானது. ஐப்பசி மழையில் ஒரு தண்ணீர் லாரி அதன் மேல் திரும்பியபோது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தார் பெயர்ந்தது. கார்த்திகைக்குள் ஸ்கூட்டர் விழும் பள்ளம். யாரோ செங்கல் துண்டுகளைப் போட்டு, எச்சரிக்கைக்கு ஒரு வேப்பங்கொம்பையும் நட்டு வைத்தார்கள். பிறகு ஒரு நாள் டிராக்டரில் வந்தவர்கள் தார் கலந்த ஜல்லியைக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் தட்டிவிட்டுப் போனார்கள். பள்ளத்தில் நின்ற தண்ணீரைக்கூட இறைக்கவில்லை. அந்த ஒட்டு பத்து நாள் இருந்தது.

அந்தக் கோடு கோடாக இருந்தபோதே ஒரு குவளைத் தாரை ஊற்றி அடைத்திருந்தால்?

நாம் தார் என்று சொல்வது உண்மையில் தார் அல்ல. நிலக்கரியிலிருந்து எடுப்பதுதான் தார். ரோட்டில் ஊற்றுவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் மிஞ்சும் பிட்டுமன். பழகிய பெயரை யார் மாற்றப்போகிறார்கள்? ஜல்லிகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை இதுதான். வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு இதிலுள்ள எண்ணெய்ப்பசை வற்றுகிறது. புது ரோட்டின் கருகருப்பு இரண்டு மூன்று வருஷத்தில் சாம்பலாக மாறுவது அதனால்தான். பசை வற்றினால் வளையாது, வளையாவிட்டால் வெடிக்கும். வெடித்தால் தண்ணீர் போகும். தார் அடுக்குக்குக் கீழே இருப்பது கப்பியும் கிராவலும். காய்ந்திருக்கும் வரை அவை எந்த லாரியையும் தாங்கும். ஊறினால் புட்டு மாவு. அடித்தளம் அமுங்கியதும் மேலே இருக்கும் தார், முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடிக்கிறது. பொறியாளர்களும் அதை முதலைத் தோல் விரிசல் என்றுதான் சொல்கிறார்கள். அந்த நிலைக்கு வந்த ரோட்டுக்கு மேல்பூச்சு எதுவும் பயன்படாது. தோண்ட வேண்டியதுதான்.

ரோட்டின் எதிரி லாரி என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. லாரியையும் தண்ணீரையும் சேர்த்து வைப்பதுதான் ரோட்டைக் கொல்கிறது. விரிசல் அடைப்பது, மேலே மெல்லிய பூச்சு கொடுப்பது, ஓர வாய்க்காலை வெட்டி விடுவது என்று வருமுன் காக்கும் வேலைகள் பலவற்றின் நோக்கம் ஒன்றே: தண்ணீரை உள்ளே விடாதே.

செலவை ரூபாயில் சொன்னால் விலைவாசிக்கு ஏற்ப மாறிவிடும். லோடு கணக்கில் சொல்கிறேன். 7 மீட்டர் அகலம், 1 கிலோமீட்டர் நீளம். பரப்பு 7,000 சதுர மீட்டர். ஒரு டிப்பருக்கு 16 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரோடு நன்றாக இருக்கும்போதே மைக்ரோ சர்ஃபேஸிங் என்ற பூச்சு கொடுக்கலாம். பிட்டுமன் எமல்ஷன், பொடி ஜல்லி, கொஞ்சம் சிமென்ட், தண்ணீர் கலந்து தோசை மாவு பதத்தில் ஓடும் வண்டியிலிருந்தே பரப்புவார்கள். கனம் 4 முதல் 8 மில்லிமீட்டர். நம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 100 டன், ஆறேழு லோடு. அடுப்பு வேண்டாம், ரோலர் பெரும்பாலும் வேண்டாம், சில மணி நேரத்தில் வண்டி விடலாம். இதைத் தள்ளிப்போட்டு, மேல்தளம் கெட்ட பிறகு 40 மில்லிமீட்டர் கனத்துக்குப் புதிதாகத் தார் போட்டால் சுமார் 670 டன், 42 லோடு. அதையும் தள்ளிப்போட்டு, அடித்தளம் ஊறிய பிறகு முழுவதையும் பெயர்த்து, கிராவல் 200, கப்பி 250, தார் அடுக்குகள் 100 மில்லிமீட்டர் என்று போடுவதாக வைத்தால் 8,000 டன்னைத் தாண்டும். 500 லோடுக்கு மேல். இதில் தோண்டியதை அள்ளிக்கொண்டு போகும் லோடு சேரவில்லை. அந்தக் கல்லெல்லாம் ஏதோ ஒரு மலையை வெடி வைத்துத்தான் வரும்.

6, 42, 500. ரோடு அதேதான், போன நேரம்தான் வேறு.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி ஒரு கணக்குச் சொல்வார்கள்: இன்று பராமரிப்புக்கு 1 ரூபாய் போட்டால் நாளைக்கு 6 ரூபாய், 8 ரூபாய், 10 ரூபாய் மிச்சம். இதை எனக்கு அப்படியே விழுங்கப் பிடிக்கவில்லை. பூச்சு விற்பவர்களே பூச்சின் மகிமை பாடினால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். மண், மழை, லாரி, முதலில் போட்டவரின் யோக்கியதை எல்லாவற்றையும் பொறுத்து அந்த எண் மாறும். ஆனால் பூச்சு விற்காதவர்களும் அதே திசையில்தான் கை காட்டுகிறார்கள். உலக வங்கி 1994-ஆம் ஆண்டின் வளர்ச்சி அறிக்கையில் ஆப்பிரிக்காவைப் பற்றி ஒரு கணக்குப் போட்டது: முந்தைய பத்தாண்டில் உரிய நேரத்தில் 1,200 கோடி டாலர் பராமரிப்புக்குச் செலவழித்திருந்தால், ரோடுகளைத் திரும்பக் கட்ட ஆகும் 4,500 கோடி டாலர் மிச்சமாகியிருக்கும். தென்னாப்பிரிக்காவின் தேசிய நெடுஞ்சாலை முகமையின் மதிப்பீடு இன்னும் கடுமை. பராமரிப்பை 3 ஆண்டு தள்ளிப்போட்டால் பழுதுபார்க்கும் செலவு 6 மடங்கு. 5 ஆண்டு தள்ளிப்போட்டால் 18 மடங்கு.

காரணம், ரோடு ஒரே சீராகக் கெடுவதில்லை. ஆயுளில் பெரும்பகுதி வரை மெல்ல மெல்லத் தேய்கிறது. பார்ப்பவருக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஒரு கட்டத்தில், இரண்டு மூன்று மழைக்குள், சரசரவென்று சரிகிறது. சரிவதற்குச் சற்று முன்னால் கை வைக்க வேண்டும். அப்போது ரோடு பார்க்க நன்றாக இருக்கும். சங்கடமே அங்கேதான்.

நன்றாக இருக்கும் ரோட்டில் எமல்ஷன் வண்டி வந்து நின்றால் தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் குண்டும் குழியுமாக் கெடக்கு, இங்கே நல்லா இருக்கிற ரோட்டுல எதுக்கு வேலை? கமிஷன் அடிக்கத்தானே?" என்று யாராவது கேட்பார். நானே கேட்டிருப்பேன். கவுன்சிலர் அந்தப் பழியை எதற்குச் சுமக்க வேண்டும்? எனவே மிக மோசமான ரோட்டுக்கு முதல் பணம். அதிலேயே பணம் தீர்ந்துவிடும். நடுத்தரமாக இருந்தவை வரிசையில் காத்திருந்து, அவையும் மோசமாகி, அடுத்த வருஷம் முதலிடத்துக்கு வந்து சேரும். புது ரோட்டுக்குப் பூமி பூஜை உண்டு, பெயர்ப்பலகை உண்டு. விரிசலை அடைத்ததற்கு யார் பலகை வைப்பார்கள்?

காலமும் எதிராக நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். விரிசல் அடைப்பதானால் ஆவணி புரட்டாசிக்குள், ரோடு காய்ந்திருக்கும்போது அடைக்க வேண்டும். நம் ஊரில் ரோட்டு வேலை சூடு பிடிப்பதோ நிதியாண்டு முடியும் மார்ச்சில். மழை தன் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு. ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். கோடையிலேயே ஆளை மேலே ஏற்றி உடைந்த ஓட்டை மாற்றிவிடுவார்கள். நாலு ஓடு, அரை நாள் கூலி. அதை விட்டால் ரீப்பர் ஊறி, கைமரம் இற்று, கூரையே இறங்கும். அந்த வீட்டுப் புத்தி அலுவலகப் படியேறும்போது எங்கேயோ நழுவிவிடுகிறது.

தள்ளிப்போடுவதற்கு நாம் தனியாகவும் ஒரு வரி கட்டுகிறோம். சென்னையில் பழைய வீடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, ரோடு வாசற்படியைத் தாண்டி ஏறிவிட்டது. ஒருமுறைக்கு 40 மில்லிமீட்டர் என்றால் ஐந்து முறையில் 20 சென்டிமீட்டர். ஒரு படி போய்விட்டது. மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் ஹாலுக்குள். வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கொடுப்பதே ஒரு தொழிலாகிவிட்டது. அதற்கு ஆகும் லட்சங்கள் எந்த ரோட்டுக் கணக்கிலும் ஏறுவதில்லை. 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதிதாகத் தார் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. ஆனால் 6 மில்லிமீட்டர் பூச்சுகளாலேயே ஆயுளை நீட்டிக்கொண்டு போனால் சுரண்டும் வேலையே பல வருஷம் தள்ளிப்போகும் என்பதை யாரும் பேசவில்லை.

இந்தக் கதையில் இயந்திரங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுபவர்கள் சாலைப் பணியாளர்கள். கையில் மண்வெட்டி, அரிவாள், ஒரு கூடை. புளியமரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கு. அவர்கள் வேலையைப் பார்ப்பவருக்கு அது வேலையாகவே தெரியாது. தார் விளிம்பை ஒட்டி மண் அணைப்பார்கள். விளிம்பில் பள்ளம் விழுந்தால் டயர் இறங்கி ஏறும்போது தார் ஓரத்திலிருந்து கடிபடும். அணைத்த மண் மேடாகி விட்டாலோ தண்ணீர் ரோட்டிலேயே நிற்கும். அப்போது அதைச் செதுக்கி வாய்க்காலுக்கு வழி விடுவார்கள். சிறுபாலத்தின் வாயில் அடைத்த சருகை எடுப்பார்கள். மழைத் தண்ணீர் ரோட்டை விட்டு இறங்கிப் போவதற்கு ஒரு மண்வெட்டி வெட்டு போதும். அந்த ஒரு வெட்டைவிட மலிவான ரோட்டுப் பராமரிப்பு உலகத்தில் கிடையாது.

2002-இல் தமிழக அரசு சுமார் பத்தாயிரம் சாலைப் பணியாளர்களை வேலையை விட்டு நீக்கியது. 2006-இல் திரும்ப எடுத்துக்கொண்டது. இடையில் 41 மாதம். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகக் கருத வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். சம்பளத்தில் எவ்வளவு மிச்சம் என்று அப்போது கணக்குச் சொல்ல முடிந்திருக்கும். அந்த நான்கு மழைக்காலங்களில் அடைந்து கிடந்த வாய்க்கால்கள் எத்தனை ரோட்டை ஊற வைத்தன என்ற கணக்கைப் போட அப்போது ஆளில்லை.

லாரியை விட்டுவிட்டுப் போனால் லாரிக்கே அடுக்காது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. வளையமாக ரோடு போட்டு, ராணுவ வீரர்களைக் கொண்டு லாரிகளை இரவு பகலாகச் சுற்ற விட்டார்கள். அச்சின் மேல் விழும் எடை இரு மடங்கானால் ரோட்டுக்கு ஏற்படும் சேதம் இரு மடங்கல்ல, ஏறத்தாழ 16 மடங்கு என்று அதில் தெரிந்தது. இந்தியாவில் 2018-இல் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதித்த எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். எடையில் 13 சதவீதம்தான் கூடியது. ஒட்டாவா கணக்குப்படி சேதம் சுமார் 60 சதவீதம் கூடும். லாரிக்காரருக்கு மிச்சம், ரோட்டுக்குச் சேதாரம். எடையை ஏற்றிய கையோடு பராமரிப்புத் தொகையையும் ஏற்றியிருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். முதலில் ஒழுங்காகப் போடாத ரோட்டைப் பராமரித்துக் காப்பாற்ற முடியாது. புனேயில் ஜங்லி மகாராஜ் ரோடு என்று ஒன்று. 1970-களில் பத்தாண்டு உத்தரவாதத்தோடு போடப்பட்டது. பல பத்தாண்டுகள் பள்ளம் விழாமல் நின்று ஊரில் கதையாகவே ஆகிவிட்டது. அது எந்தப் பூச்சின் பெருமையும் இல்லை. போட்ட கையின் பெருமை. போட்டவரையே பொறுப்பாக்குவது மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டத்திலும் இருக்கிறது. 2000-இல் தொடங்கிய அத்திட்டத்தில், ரோடு போட்ட ஒப்பந்ததாரரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஆறாவது ஆண்டு அந்த ரோடு யார் கைக்குப் போகிறது என்பதில்தான் சிக்கல்.

எங்கள் தெருவுக்குப் போன தையில் புது ரோடு போட்டார்கள். நடுத்தெரு வரை ஒரே கறுப்பு. பிள்ளைகள் ஸ்கேட்டிங் பழகினார்கள். எங்கள் வீட்டு வாசலில் இரண்டு படி இருந்தது, இப்போது ஒன்றேகால். போன வாரம் ஒரு கோடை மழை பெய்தது. மறுநாள் டீ குடிக்கப் போனபோது கடை வாசலைக் குனிந்து பார்த்தேன். மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, ஒரு ஜாண் நீளத்துக்குக் கறுப்பாக ஓர் ஈரக்கோடு. கடைக்காரர் பக்கெட்டோடு வந்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றார். நகர்ந்து நின்றேன்.